எழுதும் முன் படித்து வையுங்கள்: ஃபோர்டு வண்டியும் ஃபோர்ஸ்கேனும்

ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டின் இண்டிகேட்டர் தண்டை லேசாகத் தட்டிவிட்டால் விளக்கு மூன்று முறை மின்னி நின்றுவிடும். நெடுஞ்சாலையில் தடம் மாற அது போதாது, ஐந்து முறையாவது மின்ன வேண்டும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அதற்கு வயரை வெட்ட வேண்டாம், ரிலே மாற்ற வேண்டாம். அந்த "மூன்று" டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்ற சிறு கணினியில் ஓர் எண்ணாகப் பதிந்திருக்கிறது. பூட்டும்போது ஹாரன் அடிக்கலாமா, வண்டி நகர்ந்ததும் கதவு தானாகப் பூட்ட வேண்டுமா, சாவி ரிமோட்டை அழுத்திப் பிடித்தால் கண்ணாடி இறங்குமா என்பதெல்லாமும் இப்படிப் பதிந்த எண்கள்தான். ஒரு லேப்டாப்பும், அதை வண்டியோடு இணைக்கும் சரியான அடாப்டரும் இருந்தால் வீட்டு வாசலில் வைத்தே இவற்றைப் படிக்கலாம், மாற்றலாம்.

சென்னைக்குத் தெற்கே மறைமலை நகர் ஆலையில் 2013-லிருந்து எக்கோஸ்போர்ட் தயாரானது. இங்கிருந்து கப்பலேறி அமெரிக்கா வரை போனது. அங்கே விற்ற எக்கோஸ்போர்ட்டின் சேசிஸ் எண்ணும் நம்மூர் வண்டியைப் போலவே எம்ஏஜே என்றுதான் தொடங்கும். 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022-ல் மறைமலை நகரில் உற்பத்தி நின்றது. வண்டிகள் இன்னும் சாலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இன்னும் பல ஆண்டுகள் அந்த வண்டியை வைத்து ஓட்டப்போகிறவருக்கு, தன் வண்டிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதன் பிரதி ஒன்று கையில் இருப்பது ஆர்சி புத்தகம் இருப்பதற்குச் சமம். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. காரணம் கீழே வரும்.

இந்த வேலைக்குப் பரவலாகப் பயன்படும் மென்பொருள் ஃபோர்ஸ்கேன். ஃபோர்டு, மஸ்டா, லிங்கன், மெர்குரி வண்டிகளுக்கென்றே எழுதப்பட்டது. போனில் ஓடும் லைட் பதிப்பு கோளாறுக் குறியீடுகளைப் பார்க்க நன்றாக உதவும். அமைப்புகளை மாற்ற வேண்டுமானால் விண்டோஸ் லேப்டாப்பில் ஓடும் முழுப் பதிப்பு வேண்டும். கோளாறு படிக்கவும் அழிக்கவும் உரிமம் தேவையில்லை. எழுதும் வசதியைத் திறக்க நீட்டித்த உரிமம் என்ற ஒன்று தேவை. அது அந்த லேப்டாப்பின் வன்பொருள் எண்ணோடு கட்டப்பட்டது. உரிமக் கோப்பை நண்பரின் லேப்டாப்புக்கு நகலெடுத்தால் ஓடாது. எனவே எந்த லேப்டாப்பை வண்டிக்குக் கொண்டுபோகப் போகிறீர்களோ அதிலேயே உரிமம் வாங்குங்கள்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மாட்யூலின் அமைப்பை மாற்றுவது ஒன்று; அதன் மென்பொருளையே அழித்துப் புதிதாக ஏற்றுவது வேறு. முன்னதில் மாட்யூல் தன் நிரலை அப்படியே வைத்துக்கொண்டு சில எண்களை மட்டும் மாற்றிக்கொள்கிறது. சில நொடிகளில் முடியும். தவறினாலும் பழைய எண்களைத் திரும்ப எழுதிவிடலாம். பின்னதில் பழைய நிரல் அழிந்தபின் புதியது ஏற வேண்டும், நிமிடக்கணக்கில் நீளும், நடுவில் இணைப்பு அறுந்தால் மாட்யூல் பேச்சு மூச்சில்லாமல் போகலாம். இந்தக் கட்டுரை முன்னதைப் பற்றியது. பின்னதை, குறிப்பாக இன்ஜின் கணினியில், வாசலில் உட்கார்ந்து செய்ய வேண்டாம் என்பதே என் அழுத்தமான கருத்து.

அடாப்டரில் மிச்சம் பிடிக்காதீர்கள்

அடாப்டரைச் சொருகும் இடம் ஓபிடி சாக்கெட், வண்டியின் கோளாறுகளைப் படிப்பதற்கென்று வைத்தது. அதில் 16 பின்கள். 16-ஆவது பின்னில் பேட்டரியின் பாசிட்டிவ், 4-லும் 5-லும் எர்த். மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசும் வயர் இணைப்புக்குக் கேன் வலை என்று பெயர். 6-ம் 14-ம் அதிவேக கேன் வலை, நொடிக்கு 500 கிலோபிட். இன்ஜின், ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டியரிங் போன்றவை இதில் பேசிக்கொள்கின்றன. ஃபோர்டில் இன்னொரு வலையும் உண்டு. 3-ம் 11-ம் நடுத்தர வேக கேன், நொடிக்கு 125 கிலோபிட். ஏசி, ஆடியோ, கதவு சம்பந்தப்பட்ட மாட்யூல்கள் பல இதன் பக்கம் இருக்கும். எது எந்த வலையில் என்பது மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும்.

கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நீல நிற ஈஎல்எம்327 அடாப்டர்களில் பெரும்பாலானவை 6-ஐயும் 14-ஐயும் மட்டுமே தொடும். அதைச் சொருகினால் வண்டியின் பாதி மாட்யூல்கள் பட்டியலிலேயே வராது. "என் வண்டியில் ஆடியோ மாட்யூலைக் காணோம்" என்று தவிப்பவர்களின் பிரச்சினை பெரும்பாலும் இதுதான். இரண்டு வலைக்கும் மாற்றப் பக்கவாட்டில் சின்ன ஸ்விட்ச் வைத்த அடாப்டர்கள் உண்டு. மென்பொருள் "இப்போது மாற்று" என்று கேட்கும்போது தட்ட வேண்டும். வேலை நடக்கும், ஆனால் நடுவில் தவறான நேரத்தில் தட்டிவிடும் வாய்ப்பும் உண்டு. ஓபிடிலிங்க் ஈஎக்ஸ், விலிங்கர் எஃப்எஸ் போன்றவை தாமாகவே மாறிக்கொள்ளும். யுஎஸ்பி கேபிளில் நேராக லேப்டாப்போடு சேரும். ப்ளூடூத் அடாப்டர் படிக்கப் போதும். எழுதுவதற்கு யுஎஸ்பி கேபிளைத்தான் நம்பலாம்.

மலிவு அடாப்டரின் இன்னொரு குறை கண்ணுக்குத் தெரியாதது. கேன் வலையில் ஒரு செய்திப் பொட்டலம் 8 பைட் மட்டுமே சுமக்கும். அதில் ஒரு பைட் நீளம் சொல்லப் போய்விட்டால் மிச்சம் 7. மாட்யூலில் எண்களின் ஒரு தொகுப்பை எழுத, "எழுது" என்ற கட்டளைக்கு ஒரு பைட், எந்தத் தொகுப்பு என்று சொல்ல இரண்டு பைட், அதன்பின் தரவு. தரவு 5 பைட் இருந்தாலே மொத்தம் 8 ஆகிவிடும், ஒரே பொட்டலத்தில் அடங்காது. எனவே துண்டு துண்டாக அனுப்ப வேண்டும். முதல் துண்டு போனதும் மாட்யூல் "மற்றதை அனுப்பு" என்று பதில் தரும். அதற்கேற்ற இடைவெளியில் அடுத்தவை போக வேண்டும். போலி சிப் உள்ள அடாப்டர்கள் தடுமாறுவது இங்கேதான். படிக்கும்போது ஒழுங்காக இருந்த அதே அடாப்டர் எழுதும்போது பிசகுவதற்குக் காரணமும் இதுதான். அடாப்டர் தரமற்றது என்று ஃபோர்ஸ்கேன் எச்சரித்தால் அதைத் தள்ளிவிட்டு மேலே போகாதீர்கள். அன்றைக்கு வேலையை அங்கேயே நிறுத்துங்கள்.

மின்னழுத்தம்

பாதி வேலையில் கெட்டுப்போன முயற்சிகளைத் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் பேட்டரியில் போய்தான் முடியும். இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப். இந்த நிலையில்தான் எழுத வேண்டும். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி சார்ஜ். இக்னிஷனைப் போட்டதும் எல்லா மாட்யூல்களும் விழித்துக்கொண்டு மின்சாரம் இழுக்கும். பட்டியலைப் படித்து, பேக்கப் எடுத்து, யோசித்து, மாற்றி எழுத ஒரு மணி நேரம் ஆகிவிடும். அதற்குள் பழைய பேட்டரி 12-க்குக் கீழே சரிந்துவிடும். அழுத்தம் தாழ்ந்த நேரத்தில் மாட்யூல் தானாக அணைந்து விழித்தால், எழுதிய தொகுப்பு பாதியில் நின்றிருக்கும்.

ஆகவே பேட்டரியோடு ஒரு சார்ஜரை இணைத்துவிட்டுத் தொடங்குங்கள். 10 ஆம்பியர் தரும் சார்ஜராக இருந்தால் நிம்மதி. ஹெட்லைட், ஏசி விசிறி, ஆடியோ எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். லேப்டாப்பும் முழு சார்ஜில் இருக்கட்டும், தூக்க நிலைக்குப் போகாதபடி அமைத்துவிடுங்கள், விண்டோஸ் அப்டேட்டையும் தள்ளிப்போடுங்கள். அழுத்தம் குறைகிறதே என்று இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். செல்ஃப் எடுக்கும் அந்த ஒரு நொடியில் அழுத்தம் 10 வோல்ட் பக்கம் விழும். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் கிளட்சையோ பிரேக்கையோ மிதிக்காமல் பட்டனை அழுத்தினால் இக்னிஷன் மட்டும் வரும்.

சார்ஜரின் நெகட்டிவ் கிளிப்பை எங்கே மாட்டுவது என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பேட்டரி நெகட்டிவ் முனையின் மேல் சின்னதாக ஒரு சென்சார் பெட்டி இருந்தால், கிளிப்பை அந்த முனையில் மாட்டாமல் இன்ஜினிலோ பாடியிலோ உள்ள எர்த் போல்ட்டில் மாட்டுங்கள். பேட்டரிக்குள் எவ்வளவு போகிறது, வருகிறது என்று அந்த சென்சார் கணக்கு வைக்கிறது. நேரே முனையில் கொடுத்தால் அந்த மின்சாரம் கணக்கில் ஏறாது.

ஒரு வரியைப் பிரித்துப் பார்த்தால்

வண்டி ஆலையை விட்டு வெளியே வரும்போது ஒவ்வொரு மாட்யூலிலும் எழுதியிருந்த எண்களை ஆஸ்பில்ட் தரவு என்கிறார்கள். ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஒரு முகவரி: பாடி கன்ட்ரோல் மாட்யூலுக்கு 726, மீட்டர் பலகைக்கு 720, ஆடியோவுக்கு 727, ஸ்டியரிங்குக்கு 730, ஏர்பேக்குக்கு 737, ஏபிஎஸ்ஸுக்கு 760. தரவு இப்படி வரிகளாகத் தெரியும்:

726-02-01 1020 0500 0166

இது விளக்கத்துக்காக அமைத்த வரி. எந்த வண்டியிலும் எழுதுவதற்கல்ல. 726 மாட்யூல், 02 தொகுப்பு, 01 அந்தத் தொகுப்பின் முதல் வரி. அடுத்து வரும் 12 இலக்கங்களை இரண்டிரண்டாகப் பிரியுங்கள்: 10, 20, 05, 00, 01, 66. முதல் ஐந்தும் தரவு. கடைசி 66 சரிபார்ப்பு எண். எல்லாம் பதினாறடி எண்கள், அதாவது 9-க்கு அடுத்து ஏ முதல் எஃப் வரை ஆறு இலக்கங்கள் கூடுதலாக உண்டு.

66 எப்படி வந்தது? முகவரி 726-ஐ 0726 என்று எழுதிப் பிரித்தால் 07, 26; தொகுப்பு 02, வரி 01. இந்த நான்கையும் பதினாறடி முறையில் கூட்டினால் 30 (நாம் பழகிய கணக்கில் 48). அதோடு 10, 20, 05, 00, 01 சேர்த்தால் 66. கூட்டல் இரண்டு இலக்கத்தைத் தாண்டினால் கடைசி இரண்டு மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது பைட்டான 05-ஐ 07 ஆக்கினால் சரிபார்ப்பு எண் 68 ஆக வேண்டும். ஃபோர்ஸ்கேன் இதைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். ஆனாலும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். வேறெங்கோ இருந்து எடுத்த வரி, நகலெடுக்கும்போது ஓர் இலக்கம் பிசகியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

இனி 05-க்குள் நுழைவோம். ஒரு பைட் என்பது எட்டு சின்ன ஸ்விட்ச். 05-ஐ இருமத்தில் எழுதினால் 0000 0101. வலமிருந்து முதல் ஸ்விட்ச் ஆன், இரண்டாவது ஆஃப், மூன்றாவது ஆன். முதல் ஸ்விட்ச் தானியங்கிப் பூட்டு என்றும், இரண்டாவது பூட்டும்போது ஹாரன் என்றும், மூன்றாவது வீட்டுக்கு வந்ததும் சற்று நேரம் எரியும் விளக்கு என்றும் வைத்துக்கொள்வோம். உங்களுக்கு ஹாரன் வேண்டும். இரண்டாவது ஸ்விட்சை மட்டும் போட வேண்டும்: 0000 0111, அதாவது 07. ஆனால் இன்னொருவர் தன் வண்டியில் அந்த பைட்டை 06 ஆக்கியதும் ஹாரன் வந்தது என்று எழுதியிருக்கிறார். அவர் சொன்னது பொய்யில்லை. அவர் வண்டியில் முதலில் 04 இருந்தது. நீங்கள் 06 எழுதினால் 0000 0110. ஹாரன் வரும், கூடவே தானியங்கிப் பூட்டு போய்விடும். பல நாள் கழித்து "கதவு ஏன் பூட்டவில்லை" என்று தேடும்போது இந்த மாற்றம் நினைவுக்கே வராது.

இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் பெரும்பங்கு இப்படித்தான் நடக்கிறது. அடுத்தவர் பைட்டை அப்படியே எழுதாதீர்கள். அவர் வண்டியில் முன்னால் என்ன இருந்தது, பின்னால் என்ன ஆனது என்ற வித்தியாசத்தை மட்டும் எடுத்து உங்கள் பைட்டில் பொருத்துங்கள். "முன்னால்" என்ன என்று சொல்லாத குறிப்பு எந்தப் பயனும் தராது. அமெரிக்க, ஐரோப்பிய வண்டிகளின் முழுத் தொகுப்பை இறக்கி நம்மூர் வண்டியில் ஏற்றுவது அதைவிடப் பெரிய தவறு. ஸ்டியரிங் எந்தப் பக்கம், விளக்குகள் எந்த வகை, என்ன இன்ஜின், மைலா கிலோமீட்டரா என்பதெல்லாம் அதே வரிகளுக்குள் கலந்திருக்கும்.

சில மாட்யூல்களுக்கு ஃபோர்ஸ்கேன் எளிய மொழிப் பட்டியலும் தரும். "தானாகப் பூட்டுதல்: ஆம், இல்லை" என்று தேர்ந்தெடுத்தால் போதும். அது கிடைக்கும் இடத்தில் எண்களைத் தொடவே வேண்டாம்.

முதலில் பிரதி

வண்டியோடு இணைந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, எல்லா மாட்யூல்களின் கோளாறுக் குறியீடுகளையும் படித்துக் கோப்பாகச் சேமிப்பது. பழைய கோளாறு எது, உங்கள் கைவேலையால் வந்தது எது என்று பிற்பாடு பிரித்தறிய இது ஒன்றே வழி. அடுத்து, ஆஸ்பில்ட் வடிவில் திறக்கக்கூடிய ஒவ்வொரு மாட்யூலையும் திறந்து, எதையும் மாற்றாமல் எல்லாவற்றையும் சேமியுங்கள். மாற்றப்போகும் மாட்யூலை மட்டும் சேமித்தால் போதாது. ஏசி கன்ட்ரோலோ மீட்டர் பலகையோ ஐந்தாண்டு கழித்துக் கெட்டு, பழைய இரும்புக் கடையிலிருந்து ஒன்றை வாங்கிப் போட நேர்ந்தால், அது தன் பழைய வண்டியின் எண்களோடுதான் வரும். உங்கள் வண்டியின் எண்களை அதில் எழுத இந்தக் கோப்புதான் உதவும். அமெரிக்காவுக்குப் போன வண்டிகளுக்கு ஃபோர்டின் மோட்டார்கிராஃப்ட் சர்வீஸ் தளத்தில் சேசிஸ் எண்ணைக் கொடுத்து ஆலைத் தரவை எடுக்க முடியும். உங்கள் எண்ணுக்கு அங்கே தரவு வரவில்லை என்றால், வண்டியிலிருந்து எடுத்த பிரதிதான் உலகத்தில் உள்ள ஒரே பிரதி. லேப்டாப்பில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று என்று வையுங்கள்.

எதையும் மாற்ற விருப்பமில்லாதவர்களுக்கும் இதுவரை உள்ள வேலையைச் செய்துவிடச் சொல்வேன். படிப்பதால் வண்டியில் எதுவும் மாறாது.

மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். எழுதியதும் மென்பொருள் இக்னிஷனை அணைத்துப் போடச் சொல்லும். அது சொல்லும் வரிசையிலேயே செய்யுங்கள், அவசரப்பட்டுக் கேபிளை உருவ வேண்டாம். மாற்றம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். கோளாறுக் குறியீடுகளை மறுபடி படியுங்கள். பிறகு அடுத்தது. ஒரு நோட்டில் தேதி, வரி, பழைய எண், புதிய எண், காரணம் என்று ஐந்து பத்தி போட்டு எழுதிவாருங்கள். ஏழு மாற்றங்களை ஒரே மூச்சில் எழுதிவிட்டு எட்டாவதாக ஒரு விளக்கு எரிந்தால், எது காரணம் என்று தேட நாள் முழுக்க ஆகும்.

இல்லாததை எண் கொண்டுவராது

மாற்றம் ஏற்றுக்கொள்ளப்பட்டும் வேலை செய்யாமல் போவதற்குப் பொதுவான காரணம், அதற்கான பொருளே வண்டியில் இல்லாதது. ரிமோட்டால் நான்கு கண்ணாடியும் இறங்க வேண்டுமானால் நான்கு கதவிலும் ஒரே தட்டில் இயங்கும் மோட்டார் வேண்டும். ஓட்டுநர் கதவில் மட்டும் அது இருந்தால் அந்தக் கண்ணாடி மட்டுமே இறங்கும். க்ரூஸ் கன்ட்ரோலுக்கு ஸ்டியரிங் பட்டன்கள், அதன் வயர்களைத் தாங்கும் கிளாக் ஸ்பிரிங், பிறகு ஒன்றுக்கு மேற்பட்ட மாட்யூல்களில் பொருந்தும் அமைப்பு ஆகிய மூன்றும் சேர வேண்டும். ஸ்டியரிங்கைப் பிரிக்க ஏர்பேக்கைக் கழற்ற நேரும் என்பதால் அந்தப் பகுதியைப் பழகிய மெக்கானிக்கிடம் விடுவதே சரி.

இண்டிகேட்டரில் எல்இடி பல்பு போட்டதும் வேகமாக மின்னுவது இன்னொரு புகார். 21 வாட் இழை பல்பு 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும். எல்இடி அதில் சிறு பங்குதான். மாட்யூல் மின்னோட்டத்தை அளந்து, பல்பு போய்விட்டது என்று முடிவுகட்டி வேகத்தைக் கூட்டுகிறது. சில மாடல்களில் இந்தச் சோதனையை அணைக்கலாம். அணைத்தபின் உண்மையிலேயே பல்பு போனால் வண்டி உங்களிடம் சொல்லாது, மாதம் ஒருமுறை நீங்களே இறங்கிச் சுற்றிவந்து பார்க்க வேண்டும்.

டயர் அளவைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். 195/65 ஆர்15 டயரோடு வந்த எக்கோஸ்போர்ட்டுக்கு உயர் வேரியண்டின் 205/60 ஆர்16 சக்கரங்களைப் போடுகிறார்கள். முதலாவதின் விட்டம் 15 × 25.4 = 381; பக்கச்சுவர் 195-இல் 65 சதவீதம், 126.75, இரண்டு பக்கம் 253.5, மொத்தம் 634.5 மில்லிமீட்டர். சுற்றளவு சுமார் 1993. இரண்டாவதின் விட்டம் 406.4 + 246 = 652.4, சுற்றளவு சுமார் 2050. வித்தியாசம் 2.8 சதவீதம். எதையும் மாற்றாமல் ஓட்டினால், மீட்டர் 100 காட்டும்போது வண்டி முன்பைவிட அந்த 2.8 சதவீதம் கூடுதல் வேகத்தில் போகிறது. ஓடிய கிலோமீட்டரும் அதே அளவு குறைவாகப் பதிகிறது. பல ஃபோர்டு மாடல்களில் இந்தச் சுற்றளவு மில்லிமீட்டரில், பதினாறடி எண்ணாக இருக்கும். 2050 என்பது அங்கே 0802. ஆனால் கணக்கில் வரும் சுற்றளவை அப்படியே எழுதாதீர்கள். பாரம் ஏறிய டயர் தரையில் சற்று நசுங்குவதால் உண்மையில் உருளும் நீளம் இதைவிடக் குறைவு. ஆலையும் அதையொட்டித்தான் எண் வைத்திருக்கும். உங்கள் வண்டியில் ஏற்கெனவே இருக்கும் எண்ணை 1.028 ஆல் பெருக்கி எழுதுவதே சரி. பிறகு போனின் ஜிபிஎஸ் வேகத்தோடு நேரான சாலையில் ஒப்பிடுங்கள். மீட்டர் உண்மையான வேகத்தைவிடச் சற்று அதிகம் காட்டலாம், ஒருபோதும் குறைவாகக் காட்டக் கூடாது.

டயர் காற்றழுத்த எச்சரிக்கை உள்ள வேரியண்டுகளிலும் இதே பதினாறடிக் குழப்பம் வரும். 35 பிஎஸ்ஐ என்பது அங்கே 23. அதைப் பார்த்து "23 பிஎஸ்ஐ தப்பு" என்று 35 எழுதினால் வண்டி 53 பிஎஸ்ஐ எதிர்பார்க்கும். சரியான காற்று அடித்தும் மஞ்சள் விளக்கு அணையாது.

தொடக் கூடாதவை

737 முகவரியில் இருக்கும் ஏர்பேக் மாட்யூலைப் படியுங்கள், சேமியுங்கள், எழுதாதீர்கள். மற்ற மாட்யூலில் தவறு செய்தால் அன்றே தெரிந்துவிடும். ஏர்பேக்கில் செய்த தவறு விபத்து நடக்கும்போதுதான் தெரியும்.

சீட்பெல்ட் எச்சரிக்கையை அணைக்கும் வழியை நிறையப் பேர் கேட்கிறார்கள். 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் விற்கும் கார்களுக்கு ஓட்டுநர், பக்கத்து இருக்கை இரண்டுக்கும் சீட்பெல்ட் நினைவூட்டலும், 80 கிலோமீட்டரைத் தாண்டினால் வேக எச்சரிக்கையும் கட்டாயம். அந்தச் சத்தம் எரிச்சலூட்டும் என்பது உண்மை. ஆனால் வண்டியைப் பிள்ளைகளும் ஓட்டுவார்கள், வாங்கப்போகிறவரும் ஓட்டுவார். அவர்களுக்கு இது அணைக்கப்பட்டது தெரியாது. அதற்கான பைட்டை இங்கே எழுதப்போவதில்லை.

பிசகினால்

எழுதும்போது மாட்யூல் மறுத்தால் அது ஒரு காரண எண்ணோடு மறுக்கும். 22 என்றால் சூழல் சரியில்லை: இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கலாம், அழுத்தம் குறைவாக இருக்கலாம், வண்டி நகரலாம். 31 என்றால் நீங்கள் தரும் எண் அது ஏற்கும் எல்லைக்கு வெளியே. 33 என்றால் பாதுகாப்புப் பூட்டு திறக்கவில்லை. 36 வந்தால் தவறான முயற்சி பல முறை நடந்துவிட்டது. 37 வந்தால் காத்திருப்பு நேரம் முடியவில்லை. கடைசி இரண்டுக்கும் மருந்து பொறுமைதான். திரும்பத் திரும்ப அழுத்தினால் காத்திருப்பு நீளும்.

எழுதியபின் யு2100 என்ற குறியீடு வந்தால் அமைப்பு முழுமையாக முடியவில்லை என்று பொருள்: ஏதோ ஒரு தொகுப்பு பாதியில் நின்றிருக்கிறது. யு2101 என்றால் எழுதிய அமைப்பு அந்த மாட்யூலுக்குப் பொருந்தவில்லை. யு3003 பேட்டரி அழுத்தம் பற்றியது. அது புதிதாக முளைத்திருந்தால் மற்றக் குறியீடுகளை ஆராயும் முன் பேட்டரியைச் சார்ஜ் செய்யுங்கள், பாதி தானாகவே போய்விடும். சில மாடல்களில் வண்டியின் மைய அமைப்பு பாடி கன்ட்ரோல் மாட்யூலிலும் மீட்டர் பலகையிலும் இரண்டு பிரதியாக இருக்கும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டால், கிலோமீட்டர் இடத்தில் கோடுகள் வரும், அல்லது எண் மின்னும். மீட்டர் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம், இரண்டிலும் ஒரே எண்களை எழுதினால் சரியாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் முதல் சிகிச்சை, சேமித்த கோப்பை ஏற்றி முழுவதையும் திரும்ப எழுதுவது. ஒரு வரியை மட்டும் எழுதிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். மாட்யூல் பதிலே தரவில்லை என்றால் இக்னிஷனை அணைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கால் மணி நேரம் விட்டு மாட்டி, மறுபடி முயலுங்கள். ஃபோர்டின் சிங்க் 3 தொடுதிரை மட்டும் உறைந்திருந்தால் ஆடியோவின் பவர் பட்டனையும் முன்னோக்கித் தேடும் பட்டனையும் சேர்த்துப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் அது புதிதாகத் தொடங்கும்.

சர்வீஸ் வேலைகள்

எழுதுவதைவிட அதிகம் உதவுவது இந்தப் பகுதி என்பேன். ஏபிஎஸ் பிரேக்கில் சிக்கிய காற்றை எடுக்க, டீசல் இன்ஜெக்டர் மாற்றியபின் அதன் தலையில் பொறித்த திருத்தக் குறியீட்டை இன்ஜின் கணினியில் பதிய, பல மாடல்களில் வழி உண்டு. சாவி சேர்ப்பதும் உண்டு, ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. பல ஃபோர்டு மாடல்களில் இந்த வேலை பழைய சாவிகள் எல்லாவற்றையும் முதலில் அழித்துவிடும். பிறகு குறைந்தது இரண்டு சாவிகளைப் பதிந்தால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும். கையில் ஒரே சாவியை வைத்துக்கொண்டு தொடங்கினால் வண்டி வாசலிலேயே நிற்கும். டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியை நின்ற இடத்தில் எரித்துச் சுத்தம் செய்யும் வேலையைக் காய்ந்த புல் மேலோ கூரைக்கு அடியிலோ செய்யக் கூடாது. சைலன்சர் அப்போது பழுக்கக் காயும்.

புது பேட்டரி போட்டவர்கள் தவறாமல் செய்ய வேண்டியது பேட்டரி கண்காணிப்பு ரீசெட். நெகட்டிவ் முனையில் சென்சார் உள்ள வண்டிகளில், பழைய பேட்டரிக்கு எவ்வளவு வயதாயிற்று என்று வண்டி கணக்கு வைத்திருக்கும். பேட்டரியை மாற்றியது அதற்குத் தெரியாது. புதியதையும் கிழடாகவே நடத்தும். ஃபோர்ஸ்கேனின் சர்வீஸ் பட்டியலில் இந்த ரீசெட் பாடி கன்ட்ரோல் மாட்யூலின் கீழ் வரும், ஒரு நிமிட வேலை. அதன்பின் வண்டியைப் பூட்டி, கதவைத் திறக்காமல், எட்டு மணி நேரம் தூங்க விட வேண்டும். அப்போதுதான் புது பேட்டரியின் ஓய்வு அழுத்தத்தை அளந்து கணக்கைப் புதிதாகத் தொடங்கும். இரவில் செய்துவிட்டுப் படுக்கப் போவது வசதி. போகும்முன் ஓபிடி சாக்கெட்டிலிருந்து அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். சில அடாப்டர்கள் விடியும்வரை வண்டியைத் தூங்க விடாது.